நாலு போல்ட்

விபத்து நடந்தது ஞாயிற்றுக்கிழமை. பார்சல் வந்தது புதன்கிழமை.

அன்றைக்குத்தான் அறிவுமதி புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து கடலூர் முதுநகரில் இருந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கே படுத்திருந்த தம்பிக்கு இரண்டு லுங்கி, தனக்கு மாற்றுப்புடவை, குளியல் சோப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு வீட்டைப் பூட்டும் நேரத்தில் கூரியர்காரர் வந்து நின்றார். அவள் கணவன் தேவநாதன் பெயருக்கு இத்தாலியிலிருந்து வந்திருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டிதான், ஆனாலும் கனத்தது. அந்தக் கனத்தை நம்பாமல்தான் அதைப் பிரித்தாள்.

எண்ணெய்த்தாளில் சுற்றி நாலு போல்ட் இருந்தன.

அவள் சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் உலோகச் சோதனைக்கூடத்தில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். இரும்பை இழுத்துப் பார்ப்பதும் முறித்துப் பார்ப்பதும்தான் அங்கே வேலை. கையில் இருப்பது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டனைச் சுழலும் தண்டோடு பிணைப்பது கனெக்டிங் ராடு. அந்த ராடைப் பிடித்து வைத்திருக்கும் போல்ட் இது. ஒருமுறை முறுக்கி இறுக்கினால் மயிரிழை நீளும். கழற்றினால் திரும்பப் போடக்கூடாது, தூக்கி எறிந்துவிட வேண்டும்.

விபத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் தேவநாதன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "புதுசு வந்துருச்சு அறிவு, போட்டாச்சு" என்று சொல்லியிருந்தான். அவள் பூட்டை மறுபடி திறந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பத்தரை மணி பஸ் போய்விட்டது. அதற்கடுத்த பஸ்ஸும் போய்விட்டது.

தேவநாதனும் அவள் தம்பி எழிலனும் உறவாவதற்கு முன்பே சிநேகிதர்கள். எழிலன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஆறு மாதம் கடலில் இருப்பான், மீதி நாள் சிதம்பரம் கனகசபை நகரில் அம்மா அமராவதியோடு இருப்பான். தேவநாதனுக்கு முதுநகரில் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்கிற ரீபோரிங் பட்டறை. லாரி இன்ஜினும் மீன்பிடிப் படகு இன்ஜினும் வரும். இரண்டு பேரையும் சேர்த்தது மோட்டார்சைக்கிள் பைத்தியம். அந்தப் பழக்கத்தில்தான் அக்காவைக் கட்டிக்கொடுக்கும் பேச்சே வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் வீட்டில் டி.வி. முன்னால் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து சூப்பர்பைக் பந்தயம் பார்ப்பார்கள். எழிலனுக்கு நாலு சிலிண்டர் வண்டிதான் வண்டி. தேவநாதனுக்கு ரெண்டு சிலிண்டர். 2008இல் அந்தப் பந்தயத்தில் ஒரு சட்டம் வந்தது. நாலு சிலிண்டர் வண்டிக்கு ஆயிரம் சி.சி.யோடு சரி, ரெண்டு சிலிண்டருக்கு ஆயிரத்து இருநூறு வரைக்கும் போகலாம். அந்த வருஷம் எழிலன் ஊரில் இருந்த நாளெல்லாம் வீட்டில் வேறு பேச்சில்லை.

"நாலு பேரு தூக்குற மூட்டைய ரெண்டே பேரு தூக்குறான் மச்சான். அவனுக்கு ஒரு கைப்பிடி சோறு ஜாஸ்தி வெக்கக் கூடாதா?" என்பான் தேவநாதன்.

"பந்தயம்னு உக்காந்துட்டா எல்லாருக்கும் ஒரே எலை, ஒரே சோறு. ஜாஸ்தி வாங்கித் துன்னுட்டு ஜெயிச்சா அதுக்குப் பேரு ஜெயிப்பா மாமா? நீயே சொல்லு."

"அப்ப ஒங்க நாலு சிலிண்டர் அவ்ளோ வேகமா சுத்துதே, அது மட்டும் நியாயமா?"

"தட்டு காயுது, வாய மூடிக்கினு சாப்புடுங்க ரெண்டு பேரும்" என்று அமராவதி நடுவில் குழம்பை ஊற்றுவாள்.

2009 கடைசியில் எழிலன் சென்னையில் பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்தான். ஜப்பான்காரன் செய்த ஆயிரம் சி.சி., நாலு சிலிண்டர். முறுக்கினால் விசில் ஊதுகிற மாதிரி கத்தும். ஆறு மாதம் கழித்து, ஊருக்கே திரும்பிப் போகிற ஒரு பிரெஞ்சுக்காரர் கீழே போட்டு நசுக்கிய ரெண்டு சிலிண்டர் இத்தாலி வண்டியைப் புதுச்சேரியில் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, தேவநாதன் அதை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்தான். பட்டறை வேலை முடிந்த பிறகு அதோடுதான் உட்கார்ந்திருப்பான். ஆயிரத்துக்குள் இருந்ததை ஆயிரத்து நூறாகத் துளைத்துப் பெரிய பிஸ்டன் போட்டான்.

பெரிய பிஸ்டன் என்றால் கனமான பிஸ்டன். மேலே போய் நின்று கீழே திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கனம் முழுவதும் போல்ட்டைப் பிடித்து இழுக்கும். நாலு சிலிண்டரில் அந்த இழுப்பு நாலாகப் பிரிந்துவிடும். ரெண்டில் பிரிய வழியில்லை. இதை அறிவுமதியே அவனுக்கு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாள். "புது போல்ட் இல்லாம ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்று அடியில் எழுதியும் கொடுத்தாள். அவன் அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான்.

பந்தயம் 2011 பிப்ரவரி கடைசியில் நடந்தது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று புல் முளைத்துக் கிடந்தது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரியிலிருந்து இருபது பேர் கூடினார்கள். மஞ்சக்குப்பத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த கலியமூர்த்திதான் நடத்தினார். இரண்டு முனையிலும் பழைய டயரை அடுக்கி வளைவு அமைத்திருந்தார்கள். எட்டுச் சுற்று. ரெண்டு சிலிண்டருக்கு நூறு சி.சி. சலுகை உண்டு என்று எழிலனே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

கலியமூர்த்தி அட்டையும் பேனாவுமாக வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ராடு போல்ட்டு?"

"புதுசு போட்டாச்சுண்ணே" என்றான் தேவநாதன்.

அவர் டிக் அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அறிவுமதி பக்கத்திலேயே ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தாள்.

முதல் ஐந்து சுற்றும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நேர்ப்பாதையில் எழிலன் கத்திக்கொண்டு முந்துவான். வளைவைவிட்டு வெளியே வருகிறபோது தேவநாதனின் வண்டி தொம்தொம்மென்று இழுத்து அவனைத் தாண்டும். ஆறாவது சுற்றில் முன்னால் போன தேவநாதன் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழாவது சுற்றில் எழிலன் ஒரு வண்டி நீளம்கூட இடைவெளி இல்லாமல் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தான். நேர்ப்பாதையின் பாதியில், சம்மட்டியால் தகரத்தில் அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ரெண்டு சிலிண்டரின் அடியில் வெள்ளைப் புகை கிளம்பியது. உடைந்த ராடு இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, இருந்த எண்ணெய் அத்தனையும் தரையில் கொட்டியது. எழிலனின் முன்சக்கரம் அதில்தான் ஏறியது. வண்டி ஒரு பக்கம் போக, அவன் முதுகு தரையில் தேய இன்னொரு பக்கம் போய் ஓரத்திலிருந்த சிமெண்ட் வாய்க்கால் விளிம்பில் மோதி நின்றான்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை தேவநாதன் வெயிலை மறைத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தான். "கால் எங்க இருக்கு மாமா?" என்று எழிலன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

மார்புக்குக் கீழே இனிமேல் உணர்வோ அசைவோ திரும்பாது என்று டாக்டர் சொன்னார். யாரோ செல்போனில் எடுத்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். இன்ஜின் வெடிக்கிறது சகஜம், அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? பின்னால் வந்தவன் அவ்வளவு ஒட்டி வந்திருக்கக் கூடாது. எழிலனும் அதையே நம்பினான்.

அறிவுமதி பெட்டியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. முதலில் தனக்கே உறுதியாகட்டும் என்று நினைத்தாள். இரண்டு வாரம் கழித்துப் பட்டறையில் உடைந்த சாமான்கள் கிடந்த கிரீஸ் டின்னிலிருந்து முறிந்த போல்ட்டையும் மீதி மூன்றையும் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கல்லூரிக்குப் போனாள். மீதி மூன்றும் பெட்டியில் வந்த புது போல்ட்டைவிட மயிரிழைக்கு மேலேயே நீண்டிருந்தன, ஒரு தடவைக்கு மேல் முறுக்கியவை. முறிந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஒரே அடியில் முறிந்த இரும்பின் முகம் கரடுமுரடாக இருக்கும். இதில் முக்கால் பங்குக்கு, அலை வந்து போன ஈர மணலைப்போல வரிவரியாக இருந்தது. அன்றைக்கு வெடித்ததல்ல. நாள்பட உள்ளுக்குள்ளேயே பிளந்துகொண்டு வந்திருக்கிறது. கண்ணை எடுத்தபோது பக்கத்து மேஜைக்காரர், "என்ன சாம்பிள்மா இது?" என்றார். "வெளியிலேர்ந்து வந்தது சார்" என்றாள்.

மறுநாள் பட்டறைக்குப் போனாள். தேவநாதன் லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான். பெட்டியை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"எப்ப வந்துச்சு?"

"புதன்கிழமை."

"மூணு நாளு" என்றான். "கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு. பத்து நாளா தெனம் போன் போட்டேன்."

"வரலேன்னா ரேஸுக்குப் போகாம இருந்திருக்கலாம்ல?"

"அவன் மார்ச்ல கப்பல் ஏறணும். அப்புறம் எங்க? ஒரே ஒரு தடவ அவன் முன்னாடி ஓட்டிக் காட்டணும்னு இருந்துச்சு. ஒவ்வொண்ணா கையில வெச்சுப் பாத்தேன் அறிவு. பழசு நல்லாத்தான் இருந்துச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

"கண்ணுக்குத் தெரியாதுன்னுதான தூக்கிப் போடச் சொல்றாங்க! எழுதிக் குடுத்தேனே, அதோ செவுத்துல இருக்குது. என்கிட்டயே பொய் சொல்லியிருக்கீங்க."

"சொன்னா நீ உட்டிருக்க மாட்ட."

"அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். தலையாட்டினான்.

அவன் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரட்டும் என்றான். வந்த பிறகு, முதுகுப் புண் ஆறட்டும் என்றான். பிறகு, தீபாவளி போகட்டும் என்றான். அறிவுமதி அம்மாவுக்கு ஒத்தாசையாகச் சிதம்பரத்துக்கே வந்துவிட்டாள். ஆள் போட்டுப் பார்த்தார்கள். முதல் ஆள் எழிலனைத் தூக்கும்போது நழுவவிட்டான், அடுத்தவன் ஒரு வாரத்தில் நின்றுவிட்டான். கடைசியில் தேவநாதன்தான் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் முதல் பஸ்ஸில் வந்தான். எழிலனைக் கட்டிலிலிருந்து தூக்கி, சக்கர நாற்காலியில் வைத்து, குளிப்பாட்டி, புண்ணைத் துடைத்து மருந்து போட்டு, மறுபடி தூக்கிப் படுக்க வைத்துவிட்டுப் போவான். முகம் சுளிக்க மாட்டான்.

"பெத்த புள்ளகூட இப்புடிப் பாக்காது. எந்த ஜென்மத்துப் புண்ணியமோ" என்று அமராவதி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அறிவுமதி அப்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை அவள் பாத்ரூம் வாசலில் துண்டோடு நின்றிருந்தாள். உள்ளே எழிலனின் குரல் கேட்டது.

"மாமா, ரொம்ப நாளா சொல்லணும்னு. நான் பின்னாடியே ஒட்டிக்கினு வந்து தொரத்தலேன்னா நீ அவ்ளோ முறுக்கியிருக்க மாட்ட. ஒன் இன்ஜின் போனதுக்கும் நான்தான் காரணம். அத்தன மாச வேலை ஒனக்கு. மனசுல வெச்சுக்காத மாமா."

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. இப்போது சொல்லிவிடுவான் என்று அறிவுமதி நினைத்தாள்.

"அதெல்லாம் உடு மச்சான்" என்றான் தேவநாதன். மறுபடி தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மறுநாள் அமராவதி காய்கறி வாங்கப் போன நேரத்தில் அறிவுமதி பெட்டியைக் கொண்டுபோய்த் தம்பியின் நெஞ்சின் மேல் வைத்தாள். கூடவே கைக்குட்டை முடிச்சையும் அவிழ்த்து வைத்தாள். அவனும் இன்ஜின்காரன், விளக்க வேண்டியதில்லை. புதியதையும் பழையதையும் விரலிடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். முறிந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தெரிஞ்சேதான் போட்டாரா?"

"ஆமாம்."

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"மார்ச்லருந்து."

விரலை மடக்கி எண்ணினான். "எட்டு மாசம். நான் என்னையே திட்டிக்கினு கெடந்தத நீயும் எட்டு மாசம் பாத்துக்கினு இருந்திருக்க."

அறிவுமதிக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் வெட்கமாக இருந்தது. "இனிமே அவரு இந்த வீட்டுப் படி ஏற வேணாம். நான் சொல்லிடுறேன்" என்றாள்.

"அவரு வரலேன்னா என்னய யாருக்கா தூக்குறது? நீயா, அம்மாவா?"

அவள் அவன் நெஞ்சின் மேலிருந்த பெட்டியை எடுத்து மூடினாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா உள்ள உட மாட்டாங்க. எனக்கு அந்த ரெண்டு கை வேணும்" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்றைக்குச் சோறு வேண்டாமென்றுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேவநாதன் வழக்கம்போல வந்தான். எழிலனின் முதுகுக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தூக்கினான். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருக்கும்போது எழிலன் சொன்னான்: "புது போல்ட்ட அக்கா காட்டுச்சு. பாத்தேன்."

தேவநாதன் தூக்கியவனை விடவும் முடியாமல் நகரவும் முடியாமல் அப்படியே நின்றான்.

"கீழ போட்றாதீங்க. மெதுவா எறக்குங்க."

எழிலன் அவனை அதுவரை நீங்க என்று சொன்னதே இல்லை. தேவநாதன் இறக்கினான். நாற்காலியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து, "மச்சான்" என்று ஆரம்பித்தான்.

"தண்ணி ஆறிடும்" என்றான் எழிலன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் டி.வி.யில் பந்தயம் வைக்கவில்லை. எழிலன் பேசுவதெல்லாம் தண்ணி சூடு ஜாஸ்தி, வெளாவுங்க, இந்தப் பக்கம் திருப்புங்க என்பதோடு முடிந்துவிடும். மாமா என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. அமராவதி அதைக் கவனித்து, "என்னாடா மாமாகிட்ட மூஞ்சக் குடுத்துப் பேச மாட்டேங்கற?" என்று கோபித்தாள். "ஒடம்பு வலிம்மா" என்றான். தேவநாதன் அறிவுமதியிடம் ஒருநாள், "நீ எப்ப வீட்டுக்கு வர்ற?" என்று கேட்டான். அவள், "பாக்கலாம்" என்றாள். இரண்டு பேருக்குமே அதன் அர்த்தம் தெரிந்தது.

டிசம்பர் முப்பது வெள்ளிக்கிழமை விடிகாலையில் தானே என்ற புயல் கடலூரில் கரையைக் கடந்தது. சிதம்பரத்திலும் மரங்கள் விழுந்தன, கரண்ட் போயிற்று, போன் செத்துவிட்டது. கடலூர்ப் பக்கம் ஒரு முந்திரி மரம்கூட நிற்கவில்லை, ரோடே தெரியவில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். மோட்டார் ஓடாததால் அறிவுமதி தெருமுனை அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு எழிலனைக் கட்டிலைவிட்டு எழுப்பவில்லை. அவளும் அம்மாவும் சேர்ந்து புரட்டிப் போடத்தான் முடிந்தது. இடுப்புக்கு மேலிருந்த புண் மறுபடி வாய் பிளந்து நாற ஆரம்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாண்டித் தேவநாதன் வாசலில் நின்றான். காலில் செருப்பு இல்லை. கை முழுக்க முள் கிழித்த கோடு. சனிக்கிழமை காலையில் கிளம்பி, விழுந்த மரங்களை ஏறி ஏறித் தாண்டி, ராத்திரி ஆலப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்து, மிச்சத்தை நடந்தும் டிராக்டரிலுமாக வந்திருந்தான்.

"என் சாமி" என்று அமராவதி அழுதாள். "பட்டறை என்னாச்சுப்பா?"

"கூரை போச்சு அத்த. லேத்து மழையில நிக்குது."

கை காலைக் கழுவிக்கொண்டு நேராகக் கட்டிலுக்கு வந்தான். எழிலன் அவன் பாதத்தைப் பார்த்தான். இரண்டு பெருவிரலும் கிழிந்திருந்தன.

"பட்டறையப் பாக்காம இங்க எதுக்கு வந்தீங்க?"

"ஞாயித்துக்கெழம இல்ல?"

தேவநாதன் குனிந்தபோது எழிலன் அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டான். தூக்கும்போது எப்போதுமே அப்படித்தான் போட வேண்டும். அறிவுமதி நாலு குடம் தண்ணீரில் இரண்டை அடுப்பில் ஏற்றினாள். நனைந்த விறகு பற்றிக்கொள்ள வெகுநேரம் ஆனது. அதுவரை குளியலறையில் இரண்டு ஆண்களும் ஒரு வார்த்தை பேசாமல் சுடுதண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.